அப்பா பெயரில் வந்த சந்தா

2021 பிப்ரவரியில் ஒருநாள் காலை, என் வங்கிக் கணக்கில் 1,180 ரூபாய் வந்திருப்பதாகப் போனில் செய்தி. அனுப்பியவர் பெயர் கலியபெருமாள். எனக்குத் தெரிந்த ஒரே கலியபெருமாள் எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர். அவர் எனக்குப் பணம் அனுப்ப எந்தக் காரணமும் இல்லை.

நான் பொருளாளராக இருக்கும் கல்வெட்டு வாசிப்புக் குழுவின் சந்தா நோட்டை மூன்று நாள் புரட்டினேன். குழுவில் அந்தப் பெயரில் ஆளே இல்லை. நாலாம் நாள் அபுதாபித் தம்பி ஒருவர், "அக்கா, சந்தா போட்டுட்டேனே, ரசீது வரலியே" என்று கேட்டபோதுதான் விளங்கியது. கலியபெருமாள் அவருடைய அப்பா. காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதில் அப்பா பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்து அந்த ஊர் வங்கி எழுதிக்கொண்டது. வங்கி எழுதிக்கொண்டது எனக்கு வந்தது. போய்ச் சேர்ந்தவர் பெயரில் கும்பகோணத்துக்குச் சந்தா வந்துவிட்டது.

நான் பொருளாளர் ஆன கதையைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கில், தொல்லியல் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் ஞாயிறு மாலைகளில் இணையத்தில் கல்வெட்டு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இந்திய நேரம் ஏழு மணி. சிங்கப்பூரில் ஒன்பதரை, டொராண்டோவில் குளிர்காலத்தில் காலை எட்டரை. இலவசக் கூட்ட அறை நாற்பது நிமிஷத்தில் அணைந்துவிடும். ராஜேந்திர சோழன் வெற்றிகளை வரிசையாகச் சொல்லும் மெய்க்கீர்த்தியை எடுத்தால் கடாரம் வருவதற்குள் திரை கறுத்துப்போகும். காசு கொடுத்து அறை எடுப்போம், ஐயாவுக்கும் மாதம் ஏதாவது கொடுப்போம் என்று பேச்சு வந்தது. ஆளுக்கு வருஷத்துக்கு 1,200 ரூபாய். யார் வசூலிப்பது என்றதும் எல்லார் கண்ணும் என் கட்டத்துக்குத் திரும்பியது. எங்கள் தெருவில் பதினோரு வருஷமாகத் தீபாவளிச் சீட்டுப் பிடிக்கிறவள் நான். "சீட்டு பிடிக்கிற கை, உனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

தெருச் சீட்டில் பணம் தராதவர் வீட்டு வாசலில் போய்க் கோலம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு நின்றால் போதும். மஸ்கட்டில் இருப்பவர் வாசலில் எப்படி நிற்பது?

அப்போது மொத்தம் 46 பேர். அதில் 19 பேர் வெளிநாடு. சிங்கப்பூர் ஐந்து, வளைகுடா நாலு, லண்டன் பக்கம் மூன்று, மலேசியா, கனடா, அமெரிக்கா ஒவ்வொன்றிலும் இரண்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு டீச்சர். முதல் வருஷம் நான் செய்த பெரிய தப்பு, "உங்களுக்கு எது வசதியோ அப்படி அனுப்புங்கள்" என்று குழுவில் போட்டது. மரியாதையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். பத்தொன்பது பேருக்கும் ஆளுக்கொரு வசதி இருந்தது.

ஆறு பேர் ஊரிலுள்ள தம்பியையோ மச்சானையோ விட்டு ஜிபே செய்தார்கள். குறிப்பு எதுவும் இல்லாமல் முன்பின் தெரியாத பெயர்களில் ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து இருநூறாக வந்து விழுந்தது. நாலு பேர் பணம் அனுப்பும் செயலிகளில் அனுப்பினார்கள். மூன்று பேர் கார்டில் கட்ட ஒரு தளம் வேண்டும் என்றார்கள், அதையும் திறந்தேன். மலேசிய டீச்சர் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து வங்கி வழியாகவே அனுப்பினார். ஒருவர், "ஊருக்கு வர்றப்போ கையில குடுத்துடறேன்க்கா" என்றார். விமானமே பறக்காத காலம் அது. மற்ற மூன்று பேரிடம் நான் கேட்கவே கூச்சப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

கார்டு வழியாக வந்த 15 டாலரைப் பற்றிச் சொல்கிறேன். அன்றைய விலையில் அது 1,095 ரூபாய். ஒரு பரிவர்த்தனைக்கு இவ்வளவு சதவீதம் என்று ஒரு பிடித்தம், அதற்கு மேல் தொகை எவ்வளவு சின்னதானாலும் மாறாத ஒரு பிடித்தம், டாலரை ரூபாயாக்கும்போது சந்தை விலைக்கும் அவர்கள் தரும் விலைக்கும் உள்ள இடைவெளி. மூன்றும் போக என் கைக்கு வந்தது 985. 1,200க்கு 985. அனுப்பியவருக்கோ முழுசாகக் கட்டிவிட்ட நிம்மதி. பாக்கி 215 ரூபாயை யாரிடம் போய்க் கேட்பது? இரண்டு பேருக்கு நானே கைக்காசைப் போட்டு நேர் செய்தேன். மூன்றாமவருக்கு மனசு வரவில்லை.

மலேசிய டீச்சர் கதை இன்னும் மோசம். அவர் அனுப்பியது 150 ரிங்கிட், சுமார் 2,700 ரூபாய். ஸ்விஃப்ட் வழியில், அதாவது நாடு விட்டு நாடு வங்கிகள் பேசிக்கொள்ளும் வலைப்பின்னல் வழியில், போகும் பணம் அவர் வங்கியிலிருந்து என் வங்கிக்கு நேராக வராது. நடுவில் ஓர் இடைவங்கியில் இறங்கி ஏறும். இறங்கும் இடத்தில் அவர்கள் கூலியை எடுத்துக்கொள்வார்கள். அனுப்பும்போதே, செலவு முழுக்க என்னுடையது, பங்கு போட்டுக்கொள்வோம், வாங்குகிறவர் தலையில் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. டீச்சர் அதைப் பார்க்கவே இல்லை, தானாக இருந்ததை அப்படியே விட்டுவிட்டார். இங்கே வந்ததும் என் வங்கியின் கட்டணம். அதோடு அந்நியச் செலாவணியை ரூபாயாக மாற்றியதற்கு ஜிஎஸ்டி. இந்த ஜிஎஸ்டி கணக்கு வேடிக்கையானது. ஒரு லட்சம் ரூபாய் வரை, மாற்றிய தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக வைத்து, அந்த மதிப்புக்கு 18 சதவீதம் வரி. ஆனால் மதிப்பு 250 ரூபாய்க்குக் கீழே இறங்காது. ஆகவே குறைந்தபட்ச வரி 45 ரூபாய். 25,000 ரூபாய் வந்தாலும் 45தான், 1,200 வந்தாலும் 45தான். எல்லாம் போக இரண்டு பேர் சந்தாவாக எனக்குக் கிடைத்தது 1,600 சொச்சம். அவர் ஊரில் அவர் வங்கி தனியாகப் பிடித்தது வேறு.

சின்னத் தொகைக்குத்தான் இந்த அடி. பத்தாயிரம், இருபதாயிரம் அனுப்புகிறவர்களுக்கு இதெல்லாம் உறைக்கவே உறைக்காது. அதனால்தான் யாரைக் கேட்டாலும், "அதெல்லாம் ஈஸிக்கா, நான் மாசாமாசம் அம்மாவுக்கு அனுப்பறேனே" என்கிறார்கள்.

பெயர்க் குழப்பத்துக்குக் குறிப்பு எழுதச் சொல்வதுதான் மருந்து என்று நினைத்தேன். "குறிப்பில் கல்வெட்டு சந்தா என்று போடுங்கள்" என்றேன். தமிழ்ப் பற்றுள்ள குழு. தமிழிலேயே போட்டுவிட்டார்கள். ஸ்விஃப்ட் செய்திக்கு ரோமன் எழுத்துதான் தெரியும். எனக்கு வந்து சேர்ந்தவை பதினைந்து கேள்விக்குறிகள்.

அதைவிடக் கூத்து கனடாவில் நடந்தது. அந்த மாதம் ஐயா சோழர் கல்வெட்டுகளில் வரும் நாணயங்களைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஈழக்காசு என்று ஒரு காசு வரும். டொராண்டோ அண்ணா ஆர்வக்கோளாறில், குறிப்புக் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் 'ஈழக்காசு வகுப்பு' என்று எழுதி அனுப்பிவிட்டார். முதல் நாலு எழுத்தைப் பார்த்ததும் எங்கோ ஓர் இயந்திரம் கையைத் தூக்கியிருக்கிறது. பதினோரு நாள் பணம் அந்தரத்தில் தொங்கியது. வங்கியிலிருந்து கூப்பிட்டு இது என்ன அமைப்பு, எதற்குப் பணம் என்று விசாரணை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நாணயம் என்று அவர் விளக்க, அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாணயம் வாங்கி விற்கிறீர்களா?" என்று அடுத்த கேள்விக்குப் போனாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தப் பதினோரு நாளும் அவர் வீட்டில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து உறுப்பினருக்கு ஒரு எண். குறிப்பில் அந்த எண்ணும் வருஷமும் மட்டும். வேறு ஒரு சொல்லும் கூடாது. உறுப்பினர் பட்டியலில் 'பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர்' என்று ஒரு கட்டமும், 'உங்களுக்காக வேறு யார் பணம் போடுவார்கள்' என்று ஒரு கட்டமும் சேர்த்தேன். இந்த இரண்டு கட்டம் மிச்சப்படுத்திய நேரத்தில் நான் வட்டெழுத்து என்கிற பழந்தமிழ் எழுத்தையே கற்றுக்கொண்டேன்.

இதற்கிடையில் என் சொந்தக் கணக்கிலேயே சந்தாவை வாங்கிக்கொண்டிருந்தேன். அதே கணக்கிலிருந்துதான் மாதம் ஐந்தாம் தேதி வீட்டுக் கடன் தவணை போகும். மார்ச் ஐந்தாம் தேதி என் வீட்டுக்காரர் சம்பளம் வரத் தாமதம். தவணை, குழுவின் சந்தாப் பணத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. ஆறாம் தேதி கூட்ட அறைக்குப் பணம் கட்ட வேண்டும். பீரோவில் இருந்த தீபாவளிச் சீட்டுப் பணத்தில் கை வைத்துச் சமாளித்து, எட்டாம் தேதி திருப்பி வைத்தேன். யாருக்கும் தெரியாது. இப்போது இங்கே எழுதுவதால்தான் தெரியும். அந்த வாரமே தனியாக ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்தேன். சந்தாவைத் தவிர ஒரு ரூபாய் அதில் வராது, குழுச் செலவைத் தவிர ஒரு ரூபாய் போகாது. எவ்வளவு சின்னக் குழுவானாலும் முதல் சந்தா வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

ஒருநாள் வங்கியிலிருந்து எனக்கே போன். "மேடம், வெளிநாட்டுலேர்ந்து அடிக்கடி சின்னச் சின்னதா அமௌன்ட் வருது. பர்ப்பஸ் குடும்பப் பராமரிப்புன்னு போட்டிருக்காங்க. நாலு பேர், நாலு நாடு. இவங்கள்லாம் உங்களுக்கு யாரு?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும், அது எதற்கு என்று சொல்லும் நோக்கக் குறியீடு ஒன்று உண்டு. பி1301 என்றால் குடும்பப் பராமரிப்பு, பி1302 என்றால் அன்பளிப்பு என்று ரிசர்வ் வங்கி பட்டியலே வைத்திருக்கிறது. நம் ஆட்கள் செயலியில் முதலில் வருவதை அமுக்கிவிடுவார்கள். முதலில் வருவது குடும்பப் பராமரிப்பு. காகிதத்தின்படி நாலு நாட்டில் நாலு பேர் என் குடும்பத்தைப் பராமரித்துக்கொண்டிருந்தார்கள்.

வங்கிக்காரர் நல்ல மனுஷர். "நீங்க ஒரு ஆடிட்டரைப் பார்த்துடுங்க" என்றதோடு விட்டார். பார்த்தேன். மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில், மாடியில் அலுவலகம். என் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"இதுல யார் யார்கிட்ட இந்தியப் பாஸ்போர்ட் இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தெரியும். எந்த ஊர்க்காரர், என்ன வேலை, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எல்லாம் தெரியும். குடியுரிமையைக் கேட்டதில்லை. அதெல்லாம் கேட்கிற விஷயமா?

கேட்க வேண்டிய விஷயம்தான். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 என்று ஒன்று இருக்கிறது. எஃப்சிஆர்ஏ என்பார்கள். பண்பாடு, கல்வி, சமூகம், மதம், பொருளாதாரம் என்று ஏதோ ஒரு பணியில் ஈடுபடுகிறவர்கள் வெளிநாட்டவரிடமிருந்து பங்களிப்பு வாங்குவதானால் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அதில் சூட்சுமம், ஆள் எங்கே வசிக்கிறார் என்பது பேச்சில்லை, எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் பேச்சு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு துபாயில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. கும்பகோணத்திலேயே பிறந்து வளர்ந்து, போன வருஷம் கனடாக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால் ஆகும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் ஆகும்.

"அப்ப பதிவு பண்ணிடலாமா சார்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, பாவம். பதிவு செய்த அமைப்பாக இருக்க வேண்டும், மூன்று வருஷம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாய் பணிக்காகச் செலவு செய்திருக்க வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்குத் திறக்க வேண்டும் என்று விரல் மடக்கிச் சொன்னார். எங்கள் வருஷ பட்ஜெட் 55,200 ரூபாய்.

கட்டணம் என்பது வேறு, நன்கொடை என்பது வேறு என்றும் சொன்னார். ஒரு சேவைக்கு வழக்கமான தொழிலில் வாங்கும் கட்டணத்தை அந்தச் சட்டம் பங்களிப்பாகப் பார்ப்பதில்லை. வகுப்புக்குக் கட்டணம் என்று ரசீதில் தெளிவாக எழுது, எல்லோருக்கும் ஒரே தொகையாக வை. என் நோட்டில் அவர் பேனாவால் வட்டம் போட்ட இடம் ஒன்றே ஒன்று. லண்டன் ஐயா ஒருவர் 5,000 அனுப்பி, "மீதியை நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளம்மா" என்று எழுதியிருந்தார். பிரிட்டிஷ் குடிமகன். அந்த மீதிதான் ஆபத்து என்றார் ஆடிட்டர். நான் நன்றி சொல்லி, இரண்டு கைகூப்பும் படம் வேறு போட்டிருந்தேன். திருப்பி அனுப்பப் போனால் செலவே பாதியைத் தின்றுவிடும். அடுத்த மூன்று வருஷக் கட்டணமாக வரவு வைத்து, அப்படியே அவருக்கு எழுதியும் அனுப்பினேன். அவருக்கு வருத்தம்தான். நல்ல மனசை ரசீதில் அடைக்கிறாயே என்றார்.

இது எங்களுக்கு, எங்கள் கணக்கைப் பார்த்துச் சொன்ன யோசனை. நீங்கள் உங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் போங்கள். அந்த அரை மணி நேரத்துக்கு நான் கொடுத்தது ஒன்றரைப் பேர் சந்தா.

குறுக்கு வழியும் வந்தது, சொல்லாமல் விடக்கூடாது. வளைகுடாவிலிருந்து ஒருவர், "இங்க நாலு பேர்கிட்டயும் நான் திர்ஹாமா வாங்கிக் குடுத்துடறேன்க்கா. சிதம்பரத்துல ஒரு ஆள் உங்க கையில ரூபாயா குடுத்துடுவார். ரேட்டும் கூட" என்றார். கேட்க எவ்வளவு சுலபம்! சிங்கப்பூர், மலேசியா, யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதற்கு உண்டியல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஹவாலா. ஊரிலுள்ள தம்பி தன் காசில் அண்ணனுக்காகச் சந்தா கட்டுவது வேறு, அங்கே ஒருவன் வாங்கி இங்கே இன்னொருவன் கொடுப்பது வேறு. நாலு பேருக்கு 4,800 ரூபாய். அதற்காக அந்நியச் செலாவணிச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டுமா? அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். எல்லோரும் செய்யட்டும்.

செயலிகளிலும் எல்லை உண்டு. கடையில் போய் ரசீதைக் காட்டிப் பணம் எடுக்கிற வகைச் சேவைகளில், ஒரு ஆள் ஒரு காலண்டர் வருஷத்தில் 30 தடவைதான் பணம் பெறலாம், அதுவும் குடும்பச் செலவு மாதிரிச் சொந்தத் தேவைக்கு மட்டும். 2023 பிப்ரவரி 21 அன்று நம் யுபிஐயையும் சிங்கப்பூரின் பேநவையும் இணைத்தார்கள். சிங்கப்பூர்த் தங்கை அன்று ராத்திரியே, "அக்கா, இனிமே போன் நம்பருக்கே அனுப்பிடலாம்!" என்று குரல்செய்தி போட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். விதியைப் படித்தால் உறவினர் பராமரிப்பு, அன்பளிப்பு இரண்டுக்குத்தான் அந்த வழி. மறுபடியும் நான் அவளுக்குச் சித்தியாக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஐயா எடுத்தது சுமத்ராக் கல்வெட்டு. பரூஸ் பக்கம் லோபு துவாவில் கிடைத்தது, கி.பி. 1088. ஐந்நூற்றுவர் என்கிற வணிகக் குழு கடல் தாண்டிப் போன இடத்தில் தமிழில் வெட்டி நட்ட கல். அங்கே வரும் மரக்கல நாயன், அதாவது கப்பல் தலைவன், இன்ன கட்டணத்தைப் பொன்னாகக் கட்ட வேண்டும், கஸ்தூரி விலைக்கு ஏற்பக் கட்ட வேண்டும், கட்டிய பிறகுதான் தரையில் விரித்த பாவாடைத் துணியில் கால் வைக்கலாம். ஐயா வழக்கம்போல் எழுத்தமைதியை விளக்கிக்கொண்டிருந்தார். என் மனசு அந்தக் கஸ்தூரியில் நின்றுவிட்டது. தஞ்சாவூர்க் காசில் இவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை. அந்தத் துறைமுகத்தில் எது ஓடுகிறதோ அதில் விலை வைத்தார்கள், அந்தத் துறைமுகத்திலேயே வாங்கினார்கள்.

நான் இரண்டு வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தேன்? சிங்கப்பூரில் இருப்பவரிடம் டாலரை வாங்கி, கடல் தாண்ட வைத்து, அறுத்துக் குறைத்து ரூபாயாக்கி, பிறகு அதே ரூபாயை மறுபடி டாலராக்கிக் கூட்ட அறைக்குக் கட்டிக்கொண்டிருந்தேன். போக ஒரு கூலி, வர ஒரு கூலி. ஐயாவின் சம்பாவனையும், கல்வெட்டைத் தாளில் ஒற்றி மைப்படி எடுக்கிற தாள், மை செலவும்தான் ரூபாய்ச் செலவு. கூட்ட அறை, படங்களைச் சேமிக்கும் இடம், படத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் எல்லாமே வெளிநாட்டுக் காசில் போகிறது. அந்தச் செலவை அங்கே இருப்பவர்களே நேராகக் கட்டிவிட்டால், பணம் ஏன் கும்பகோணம் வந்து திரும்பிப் போக வேண்டும்?

ஆடிட்டரிடம் இன்னொரு தடவை போய்க் கேட்டுக்கொண்டுதான் மாற்றினோம். இப்போது கூட்ட அறை சிங்கப்பூர்த் தங்கை பெயரில் இருக்கிறது. அங்குள்ளவர்கள் பேநவில் அவளிடம் கட்டுகிறார்கள். 2023 நவம்பரில் பேநவையும் மலேசியாவின் டூயிட்நவையும் இணைத்த பிறகு மலேசிய டீச்சரும் அவர் தோழியும் அவளுக்கே அனுப்புகிறார்கள். ஏழு பேர், தலைக்கு 25 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அறையின் பில்லை ஏழால் வகுத்து வந்த தொகை அது. பில் ஏறினால் சந்தா ஏறும், எங்கள் கஸ்தூரி அதுதான். கனடாவில் இருவர். ஒருவர் மற்றவரிடம் அந்த ஊர் மின்-பரிமாற்றத்தில் வாங்கிக்கொண்டு, படச் சேமிப்புக்குத் தன் கார்டிலேயே கட்டிவிடுகிறார். லண்டன் ஐயா மட்டும் தனி மரமாக நின்றார். முன்கூட்டிக் கட்டிய மூன்று வருஷம் முடிந்ததும் மென்பொருளின் வருஷச் சந்தாவை அவர் ஏற்றுக்கொண்டார். நல்ல மனசு ரசீதுக்கு வெளியே வந்ததில் அவருக்குத் திருப்தி.

மிச்சம் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள். அமெரிக்காவில் இரண்டு பேர், லண்டன் நர்ஸுகள் இரண்டு பேர், வளைகுடாவில் நாலு பேர். எட்டுப் பேருக்கும் என்ஆர்ஓ அல்லது என்ஆர்இ என்கிற, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான வங்கிக் கணக்கு இருக்க வேண்டியதுதான் முறை, ஆறு பேருக்குத்தான் இருந்தது. இரண்டு பேர் காலேஜ் காலத்துச் சேமிப்புக் கணக்கையே மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டில் வசிக்கப் போனதும் அதை என்ஆர்ஓ ஆக்கியிருக்க வேண்டும். சந்தா கேட்கப் போய் அவர்கள் கணக்கைச் சரிசெய்ததுதான் லாபம். அந்தக் கணக்கிலிருந்து நெட்பேங்கிங்கில் போட்டால் உள்ளூர்ப் பணம் மாதிரி 1,200 போட்டால் 1,200 வந்து நிற்கிறது. 2023 ஜனவரியில் பத்து நாட்டுப் போன் எண்களுக்கு யுபிஐ திறந்துவிட்டதிலிருந்து இன்னும் சுலபம். சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாங்காங், அமீரகம், சவுதி, கத்தார், ஓமன். குவைத் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் குவைத் அண்ணன் பழைய மாதிரி நெட்பேங்கிங்தான்.

மூன்று ஊரில் பணம் இருந்தால் கணக்கு எப்படி என்று கேட்பீர்கள். நோட்டில் ரூபாய், வெள்ளி, டாலர் என்று கூட்டுவதை விட்டுவிட்டேன். தலைக்கு ஒரு சந்தா, கட்டியாயிற்றா இல்லையா, அவ்வளவுதான். செலவுக்கு அந்தந்த ஊர் பில்லின் படம். வருஷக் கடைசி வகுப்பில் அதைத் திரையில் காட்டுகிறோம்.

யாழ்ப்பாண டீச்சர் விஷயம் வேறு. 2022 ஜனவரியில் எங்கள் சந்தா அவருக்கு இலங்கை ரூபாயில் 3,200 சொச்சம். மார்ச்சில் அங்கே ரூபாய் சரிந்தது, மே மாதம் அதே சந்தா 5,500. பெட்ரோலுக்கு வரிசை, மின்வெட்டு. அப்போதும் அவர், "நான் எப்படியும் அனுப்பிப்போடுவன், கொஞ்சம் பொறுங்கோ" என்று எழுதினார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பொதுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'கட்டியாயிற்று' என்று போட்டேன், அவருக்கு மட்டும் தனியாகச் சொன்னேன். அவர் சும்மா இருக்கவில்லை. ஐயா வாசித்த கல்வெட்டுகளின் பாடங்களை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துத் தட்டச்சு செய்து தந்தார். இப்போது வருஷத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு அப்படி நடக்கிறது. யார் என்று எனக்கும் ஐயாவுக்கும் மட்டும்தான் தெரியும். யார் கட்டவில்லை என்கிற பட்டியலை எந்தக் காரணத்துக்காகவும் குழுவில் போடுவதில்லை. சீட்டிலேயே நான் அதைச் செய்ததில்லை.

ஒரு மோசடியும் நடந்தது. 2022 கடைசியில் என் படத்தை வைத்துக்கொண்டு வேறு எண்ணிலிருந்து எவனோ நாலு பேருக்கு, "சந்தாக் கணக்கு மாறிவிட்டது, இதில் போடவும்" என்று அனுப்பியிருக்கிறான். ஒருவர் போட்டுவிட்டார். இன்னொருவருக்குச் சந்தேகம் வந்தது, ஏனென்றால் செய்தியில் எழுத்துப்பிழை இல்லையாம். நான் அவசரத்தில் 'சந்தா'வுக்குத் துணைக்கால் விட்டுவிடுவேன் என்பது ஊரறிந்தது. அன்று முதல், கணக்கு எண் மாறினால் ஞாயிறு வகுப்பில் என் முகத்தோடு சொல்வேன், எழுத்தில் வந்தால் நம்பாதீர்கள் என்று ஏற்பாடு. பறிபோன 1,200 ரூபாயை அந்த உறுப்பினர் திரும்பக் கட்ட வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவர் கேட்கவில்லை, கட்டிவிட்டார்.

பணம் வந்துவிட்டதா என்பதற்கு ஸ்கிரீன்ஷாட்டை நான் ஏற்பதில்லை. அதில் 'அனுப்பப்படுகிறது' என்று இருக்கும், இவர்கள் 'அனுப்பியாயிற்று' என்று படிப்பார்கள். என் பாஸ்புக்கில் ஏறிய பிறகுதான் ரசீது. நினைவூட்டலைத் தனித்தனியாகத்தான் அனுப்புவேன், அதுவும் மாத முதல் வாரத்தில். வளைகுடாக்காரர்களுக்கு அப்போதுதான் கையில் காசு இருக்கும்.

இந்த வருஷம் இன்னும் ஒருவர்தான் பாக்கி, குவைத் அண்ணன். நேற்று ராத்திரி 1,200 ரூபாய் வந்தது, குறிப்பில் எண் இல்லை, பெயர் தையல்நாயகி. நோட்டில் 'வேறு யார் போடுவார்கள்' கட்டத்தைப் பார்த்தேன். அவர் மனைவி பெயர் அது இல்லை. அம்மாவாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டும்.